லிட்கம் ரஞ்சினி மேடைக்கு அனுப்பிய சீட்டு

புருஷன் செத்து ஒரு வருஷம் திரும்புவதற்குள் லிட்கம் ரஞ்சினி வெள்ளைக்காரக் கூத்துக்குப் போய் ஆடினாள் என்று சிட்னியில் இன்னமும் நாலு பேர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அந்த நாலு பேருக்கும் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ரஞ்சினி ஆடவில்லை. ஐந்து மணி நேரம் வெயிலில் நின்றாள், கை தட்டினாள், ஒரு தடவை அழுதாள். ஆடியது நான். என்னைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, ஏனென்றால் என் கணவர் உயிரோடு இருந்தார்.

நான் கிரிஜா. திருச்சி உறையூர். 1974இல் கணவர் வெங்கட்ராமனுக்கு இங்கே இன்ஜினியர் வேலை கிடைத்தது. மூட்டை முடிச்சோடு நானும் வந்தேன். சிட்னியின் புறநகரான லிட்கமுக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே ஏற்கெனவே ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீர் தமிழோ?" என்று கேட்டாள். ஆமா என்றேன். "நல்லதாப் போச்சு. இனி மத்தியானம் சோத்தை ஒளிச்சு வைச்சுச் சாப்பிடத் தேவையில்லை" என்றாள். அவள்தான் ரஞ்சினி. சுன்னாகத்தில் பிறந்தவள், பேராதனையில் ரசாயனம் படித்தவள், என்னைவிட ஐந்து வயது மூத்தவள். கணவர் யோகேஸ்வரன் ரயில்வே பணிமனையில் வரைபடப் பிரிவில் இருந்தார். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி யார் கேட்டாலும், "இல்லை" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். கேட்டவர்கள்தான் சங்கடப்படுவார்கள்.

பரிசோதனைக் கூடத்தில் குழாய்களைக் கழுவுகிற அறையில் மொரீன் என்று ஓர் ஆஸ்திரேலியப் பெண் வேலை செய்தாள். அவளுடைய ரேடியோ நாள் முழுக்கக் கத்தும். மொரீனின் அண்ணன் பகலில் இறைச்சிக்கடை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிரான்வில்லில் ஒரு பப்பில் கிட்டார். அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் கிளம்பிய ராக் பாட்டுகளை மட்டும்தான் அவர்கள் குழு வாசிக்கும். "ஒரு நாள் வந்து கேளுங்கள்" என்று மொரீன் மரியாதைக்குக் கூப்பிட்டாள். ரஞ்சினி உண்மையாகவே போய்விட்டாள், கணவரையும் இழுத்துக்கொண்டு.

வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணத்தார் தலைமுழுகி, மீன், இறைச்சி என்கிற மச்சம் தொடாமல், கோயிலுக்குப் போகிற நாள். அப்போது சிட்னியில் இவர்கள் போவதற்கு ஒரு கோயில் இல்லை. ஆக இரண்டு பேரும் தலைமுழுகி, விபூதி பூசி, பப்புக்குப் போனார்கள். இரண்டு கிளாஸ் ஜிஞ்சர் பீர், அதாவது போதையில்லாத இஞ்சி சோடா, ஒரு தட்டு உருளைக்கிழங்கு சிப்ஸ். மேடைக்கு முன்னால் மூன்றாவது மேசை. சில வாரங்களில் அந்த மேசையை அவர்களுக்காகவே விட்டு வைத்தார்கள். யோகேஸ்வரன் சட்டைப் பையில் பேனா குத்திய மனிதர், தலையைக்கூட ஆட்டமாட்டார். விரல் மட்டும் மேசையில் தட்டும். ரஞ்சினி என்னிடம் திங்கட்கிழமை காலையில் ஒன்று விடாமல் ஒப்பிப்பாள். எந்தப் பாட்டில் எந்தக் கிட்டார் முந்தியது, எங்கே தாளம் பிசகியது, இறைச்சிக்கடைக்காரன் எந்த இடத்தில் கண்ணை மூடினான், எல்லாம்.

நானும் வெங்கட்டும் சில தடவை கூடப் போனோம். வெங்கட் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்கு முதல் நாளே பிடித்துவிட்டது. விரலில் சின்ன மருந்துக் குப்பி ஒன்றை மாட்டிக் கம்பி மேல் இழுப்பார்கள். நம் ஊர்க் கோட்டுவாத்தியத்தில் கட்டையை வைத்து இழுப்பதுபோல ஸ்வரம் வழுக்கிக்கொண்டு போகும். மூன்று கிட்டார், இரண்டு டிரம். அவசரமே இல்லை. ஒரு பாட்டைப் பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம் விஸ்தாரமாக வாசிப்பார்கள்.

"உங்களுக்கு இதுல என்ன இவ்வளவு பிரியம்?" என்று ஒரு நாள் ரஞ்சினியைக் கேட்டேன்.

"அந்தத் தெற்குப் பக்கத்து ஆக்களை வடக்கில இருக்கிறவை பட்டிக்காடு எண்டு சொல்லிச் சிரிக்கிறவையாம். மொரீன் சொன்னவள். இவையள் கொஞ்சமும் வெக்கப்படேல்லை. எங்கட பேச்சு இப்பிடித்தான், எங்கட பாட்டு இப்பிடித்தான் எண்டு இன்னும் சத்தமாப் பாடினம். எனக்கு அது பிடிச்சிருக்கு" என்றாள்.

அவளுக்கும் யோகேஸ்வரனுக்கும் உயிரான குழு ஒன்று இருந்தது. பைன் ஹாலோ என்று பெயர். ஜார்ஜியாவில் ஏதோ ஒரு சின்ன ஊர்க்காரர்கள். அவர்களுடைய இசைத்தட்டு இரண்டையும் யோகேஸ்வரன் சம்பளத்துக்குச் சம்பளம் வாங்கிவந்தார். அதில் ஓர் ஆற்றைப் பற்றிய பாட்டு, பதினோரு நிமிஷம். டேல் என்கிற கிட்டார்க்காரன் எழுதியது. அதைப் பாடகனோடு சேர்ந்து அவனும் பாடுவான். ரஞ்சினி வீட்டில் அதற்குப் பெயர் ஆற்றுப் பாட்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு ஆனதும் அதைப் போட்டுவிட்டு இருவரும் நாற்காலியில் சாய்ந்துவிடுவார்கள். பேச்சு இருக்காது. போகிறவர்கள் வாசலில் காத்திருக்க வேண்டியதுதான். நான் காத்திருந்திருக்கிறேன்.

1976 மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை யோகேஸ்வரன் லிட்கம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றவர் அப்படியே சரிந்தார். மாரடைப்பு. நாற்பத்தொரு வயது.

அன்றைக்கே யாரோ ஓர் அம்மா அவர்கள் வீட்டு ரெக்கார்ட் பிளேயரைத் துணி போட்டு மூடி அலமாரிக்கு மேல் ஏற்றிவிட்டாள். ஒரு வருஷம் பாட்டுக் கேட்கக்கூடாது, கல்யாணம் காட்சிக்குப் போகக்கூடாது, நாலு பேர் கூடுகிற இடத்தில் முன்னால் நிற்கக்கூடாது. சிட்னியில் அன்றைக்கு இருந்த தமிழ்க் குடும்பங்களை இரண்டு கை விரல்களிலும் கால் விரல்களிலும் எண்ணிவிடலாம். ஆனால் சட்டம் பேச ஆள் பஞ்சம் இல்லை. பொங்கல் கூட்டத்தில் ரஞ்சினி தட்டுகளை எடுத்துக் கொடுக்கப் போனபோது, "நீர் இரும், நாங்கள் செய்யிறம்" என்று ஒருத்தி அவள் கையிலிருந்து தட்டை வாங்கினாள். பாசமாகத்தான் வாங்கினாள். அந்தப் பாசத்தைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரஞ்சினி பின்வரிசையில் போய் உட்கார்ந்தாள். அவள் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. செத்த வீட்டிலேயே அவள் அழவில்லை. அதையும் குறையாகச் சொன்னார்கள்.

யோகேஸ்வரனின் அண்ணன் விக்னராஜா மெல்பர்னில் இருந்தார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். தம்பிக்குக் கொள்ளி வைத்தவர், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரை கூட இருந்து எல்லாம் செய்தவர். ஆனால் தம்பி பெண்டாட்டி தனியாக ஒரு வீட்டில் இருந்து வேலைக்குப் போய் வருவதை அவரால் சீரணிக்க முடியவில்லை. 1977 ஜனவரியில் கடிதம் போட்டார். முதல் வருஷம் முடிகிற ஆட்டைத் திவசம் மார்ச் முதல் வாரத்தில் வருகிறது, நான் வந்து செய்துவைப்பேன். அன்றைக்கே வீட்டை விற்கிற காரியத்தைப் பேசி முடிக்கலாம். நீர் எங்களோடு வந்து இருக்கலாம், பின்னறையைத் துப்பரவாக்கி வைத்திருக்கிறோம். அதுவரைக்கும் குடும்ப மானம் போகாமல் நடந்துகொள்ளும்.

ரஞ்சினி அந்தக் கடிதத்தை வேலையிடத்தில் எனக்கு வாசித்துக் காட்டினாள். "பின்னறையாம்" என்றாள்.

"அவருக்கு என்ன உரிமை இருக்கு? வீடு உங்க பேர்லயும் இருக்கு, சம்பளம் வருது. முடியாதுன்னு எழுதிப் போடுங்க" என்றேன்.

"சட்டத்தில அவருக்கு ஒண்டும் இல்லை கிரிஜா. ஆனா திவசம் அவர்தான் செய்ய வேணும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவர் கோவிச்சுக்கொண்டு வராமல் விட்டா இவருக்கு எள்ளுத் தண்ணி ஆர் இறைக்கிறது? அது அவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்."

அவளுடைய கழுத்து அங்கேதான் மாட்டியிருந்தது. தன் வீடு, தன் வேலை, தன் வாழ்க்கை ஒரு பக்கம். கணவருக்குச் செய்ய வேண்டிய கடன் மறு பக்கம். ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்க வேண்டும் என்று ஒரு மனுஷர் பக்குவமாகக் கடிதம் எழுதியிருந்தார்.

அந்த வாரமே மொரீன் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். பைன் ஹாலோ ஆஸ்திரேலியாவுக்கு வருகிறார்கள். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சிட்னி ஷோகிரவுண்டில், திறந்தவெளியில். அதே பத்தியில் இன்னொரு செய்தியும் இருந்தது. கிட்டார்க்காரன் டேல் போன அக்டோபரில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துவிட்டான். மீதிப் பேர் பயணத்தை நிறுத்தவில்லை. ஆற்றுப் பாட்டை மட்டும் இனிமேல் பாடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

ரஞ்சினி அதை இரண்டு தடவை வாசித்தாள். "செத்தவீடு நடந்த வீட்டில இருந்து வாறாங்கள்" என்றாள். பத்திரிகையை மடித்தபடியே, "நான் போறன். நீர் வாறீரோ?" என்றாள்.

எனக்கு உள்ளூரப் பயம்தான். கச்சேரி நாளுக்கும் திவசத்துக்கும் நடுவே பத்து நாள்கூட இல்லை. "யாராவது பார்த்துட்டா?" என்றேன்.

"பாக்கட்டும். நான் ஒளிச்சுப் போகேல்லை."

மொரீனின் பழைய ஹோல்டன் காரில் போனோம். ரஞ்சினி கரும்பச்சைச் சேலை கட்டியிருந்தாள். ஒரு வருஷமாக வெள்ளையும் சாம்பலுமாக அவளைப் பார்த்துப் பழகியிருந்த எனக்குத் திக்கென்றது. "வெள்ளை கட்டினா புழுதியில ஊத்தையாப் போயிடும்" என்றாள். இவ்வளவுதான் அவள் சொன்ன காரணம். நான் தயிர்சாதம் கட்டி எடுத்துக்கொண்டேன். கச்சேரிக்குப் போகிறோம், எப்போது முடியுமோ யார் கண்டது.

வாசலில் ஒரு தாடிக்காரன் எங்களைப் பார்த்து, "அம்மணிகளே, துணிக் கண்காட்சி இங்கே இல்லை, வழி மாறி வந்துவிட்டீர்கள்" என்றான். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ரஞ்சினி நின்றாள். அவன் சட்டையில் பைன் ஹாலோ என்று அச்சடித்திருந்தது. "இரண்டாவது தட்டில் முதல் பாட்டுக்குக் குப்பி போட்டு வாசித்தது யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவன் விழித்தான். டேல் என்றான். "டேல் இல்லை. அன்றைக்கு அவன் கையில் கட்டு. வாசித்தது பேஸ் கிட்டார்க்காரன். தட்டின் உறையில் எழுதியிருக்கிறது, வாசித்துப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தாள். பின்னால் அவனைப் பார்த்து எல்லாரும் சிரித்த சத்தம் கேட்டது. என் நடை தானாக நிமிர்ந்தது.

கூட்டத்தில் அங்கங்கே சிலர் அந்தத் தெற்கு மாநிலங்களின் பழைய போர்க்கொடியைத் தோளில் போர்த்திக்கொண்டு நின்றார்கள். அது அடிமை வைத்திருந்தவர்களின் கொடி என்று அப்போது எனக்குத் தெரியாது. பிற்பாடு தெரிந்தபோது, அதற்குப் பக்கத்தில் போய்ச் சிரித்துக்கொண்டு நின்றோமே என்று கோபமாக வந்தது. இன்றைக்கும் கோபம்தான். பைன் ஹாலோவின் மேடையில் அது இல்லை. அதையும் சொல்ல வேண்டும்.

உள்ளூர்க் குழு இரண்டு முடிந்து மூன்று மணிக்கு அவர்கள் ஏறினார்கள். மூன்று கிட்டார்க்காரர்கள் நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு பேர்தான். டேலின் இடத்தை நிரப்பாமல் அப்படியே விட்டிருந்தார்கள். பாடகன் நெடுநெடுவென்று ஒரு ஆள், குரல் சரளைக்கல்லில் வண்டி ஏறுவது போல. முதல் அடி விழுந்ததும் நெஞ்சுக்கூட்டுக்குள் இடித்தது. இசைத்தட்டில் கேட்டது இதன் பாதிகூட இல்லை. இரண்டு டிரம்காரர்களும் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்து, பேசிக்கொள்வதுபோல வாசித்தார்கள். எந்த இடத்தில் சேருவார்கள் என்று நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தேன். சேர்ந்தபோது என்னை அறியாமல் "பலே!" என்று கத்தினேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரனும் திரும்பி "பலே!" என்றான். அப்போதுதான் ஆட ஆரம்பித்தேன். செருப்பை எங்கேயோ விட்டுவிட்டேன். அது கடைசிவரை கிடைக்கவில்லை. அந்த மாதிரி ஒரு மத்தியானம் எனக்கு அப்புறம் வாய்க்கவே இல்லை.

ரஞ்சினி அசையாமல் நின்றாள். ஒரு பாட்டு முடிந்து சத்தம் அடங்கியபோது என் காதருகே சொன்னாள்: "அந்தப் பாட்டைப் பாடமாட்டாங்கள், என்ன?"

அங்கேதான் நான் அந்தப் புத்திசாலித்தனத்தைச் செய்தேன். திருச்சியில் கச்சேரி கேட்டு வளர்ந்தவள் நான். வேண்டிய பாட்டு இருந்தால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, மடித்து, முன்வரிசைக்குக் கைமாற்றி மேடைக்கு அனுப்புவோம். கீழே பெயரும் ஊரும் எழுதுவது வழக்கம். வித்வானுக்கு யார் கேட்கிறார்கள் என்று தெரிய வேண்டும் அல்லவா? "ஒரு சீட்டு எழுதி அனுப்புங்க ரஞ்சினி. பாடினா பாடட்டும், பாடாட்டிப் போகட்டும்" என்றேன். பதினையாயிரம் பேர் கூடிய ராக் கூட்டத்தில் இப்படி ஒரு யோசனை எங்களைத் தவிர வேறு யாருக்கும் வந்திருக்காது.

அவள் கைப்பையில் ரத்தப் பரிசோதனைப் படிவம் ஒன்று இருந்தது. அதன் பின்பக்கத்தில், என் முதுகை மேசையாக வைத்து, ஆங்கிலத்தில் எழுதினாள். "ஐயா, டேல் இறந்தபின் நீங்கள் ஆற்றைப் பற்றிய பாட்டைப் பாடுவதில்லை என்று வாசித்தேன். என் கணவர் இறந்து பதினொரு மாதம். ஒரு வருஷம் பாட்டுக் கேட்கக்கூடாது என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். நான் வந்திருக்கிறேன். உங்களால் முடிந்தால் பாடுங்கள். ரஞ்சினி யோகேஸ்வரன், லிட்கம்."

சீட்டு வெயிலில் சிவந்த தோள்களுக்கு மேலாகக் கைமாறிக் கைமாறிப் போனது. மேடையோரம் நின்றவன் வாங்கிப் பாடகனிடம் கொடுத்தான். அவன் தனக்குள் வாசிப்பான் என்றுதான் நாங்கள் நினைத்தோம். நம் வித்வான்கள் அப்படித்தான் செய்வார்கள். இவன் ஒலிபெருக்கியில், ஒரு வார்த்தை விடாமல், உரக்க வாசித்தான். பதினொரு மாதம் என்பதை வாசித்தான். சொல்லியிருக்கிறார்கள் என்பதை வாசித்தான். பெயரில் தடுக்கி, மறுபடி முயன்று, லிட்கம் என்பதைச் சரியாகச் சொன்னான். லிட்கம்காரர்கள் சிலர் எங்கிருந்தோ ஆரவாரம் செய்தார்கள். "எங்கே இருக்கிறீர்கள் அம்மா?" என்றான்.

"பேசாம இருங்க" என்று அவள் முந்தானையைப் பிடித்தேன். ரஞ்சினி கையை உயர்த்தினாள். முழுசாக, நேராக உயர்த்தினாள். கூட்டம் திரும்பியது. கூட்டத்தோடு டெலிவிஷன்காரனின் கேமராவும் திரும்பியது.

பாடகன் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பிறகு மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தான். ஒரு டிரம்காரர் தலையை அசைத்தார். ஆற்றுப் பாட்டை எடுத்தார்கள். முதல் சரணம் பாடினான். இரண்டாவது சரணம் டேல் பாட வேண்டியது. அதையும் இவனே எடுத்தான். நாலாவது வரியில் குரல் உடைந்தது. வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. கிட்டார்கள் நின்றன. இரண்டு டிரம்களும் மட்டும் தாளத்தை விடாமல் போய்க்கொண்டிருந்தன. கூட்டம் அந்தத் தாளத்துக்குக் கை தட்டியது. ரஞ்சினியும் கை தட்டினாள். அப்போதுதான் அவள் அழுததைப் பார்த்தேன். பதினொரு மாதத்துக்கும் சேர்த்து, துடைக்காமல், தலையைக் குனியாமல், தட்டிக்கொண்டே அழுதாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவ்வளவுதான் என்னால் முடிகிறது" என்று சொல்லி வேறு பாட்டுக்குப் போனான்.

வண்டியில் திரும்பும்போது ரஞ்சினி சொன்னாள்: "பாவம் அந்தப் பெடியன். பாதி பாடினதே பெரிசு. ஆனா பாரும், பாடாதே எண்டு அவனுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. தன்ர துக்கத்தைத் தானே வைச்சிருக்கிறான், தானே எடுக்கிறான்."

ஆறரை மணிச் செய்தியில் அவள் வந்துவிட்டாள். கரும்பச்சைச் சேலை, உயர்த்திய கை, கண்ணீர் வழிகிற முகம். எட்டு விநாடிதான். ஒரு வீடு விடாமல் பார்த்திருந்தார்கள். ஏழு மணிக்குள் மெல்பர்னுக்கு எத்தனை டிரங்க் கால் பறந்ததோ, எட்டு மணிக்கு விக்னராஜா ரஞ்சினியைப் போனில் கூப்பிட்டார். "அது நீர்தானோ?" என்று கேட்டாராம். "ஓம் அத்தான், நான்தான்" என்றாளாம். கணவரின் அண்ணனை அவர்கள் அத்தான் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் அத்தோடு போனை வைத்துவிட்டார். அடுத்த நாள் முதல் தமிழர்கள் சாமான் வாங்குகிற கடையில் அவளைக் கண்டால் பேச்சு நின்றது. வெங்கட்டிடம்கூட ஒருவர் வந்து, உங்கள் வீட்டம்மாவைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று புத்தி சொன்னார். "அவளைப் பார்த்துக்கத்தானே மூணு வருஷமா பஞ்சு வாங்கிட்டிருக்கேன்" என்று என் கணவர் பதில் சொன்னார். அந்த ஒரு பதிலுக்காக அவருடைய பல குற்றங்களை மன்னித்துவிட்டேன்.

ரஞ்சினிக்கு அதெல்லாம் உறைத்ததாகத் தெரியவில்லை. ஒன்றே ஒன்றுதான் அவளைத் தின்றது. "அத்தான் திவசத்துக்கு வருவாரோ, கிரிஜா?" என்று தினமும் கேட்டாள்.

வந்தார். சனிக்கிழமை காலை ரயிலில் வந்து இறங்கி, நேராக வீட்டுக்கு வந்தார். நானும் வெங்கட்டும் விடியற்காலையிலேயே போயிருந்தோம். மந்திரம் தெரிந்த சிறிதரன் அங்கிள் வந்திருந்தார்; ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார், சிட்னியில் எந்தக் காரியம் என்றாலும் அவர்தான் ஐயர். தர்ப்பைக்கு ரயில்பாதை ஓரத்தில் வளர்ந்த ஏதோ ஒரு நீளப் புல்லைப் பறித்து வைத்திருந்தார். இன்னும் ஏழெட்டுப் பேர், சுவரோர நாற்காலிகளில். துக்கத்துக்கு வந்தவர்கள் கொஞ்சம், வேடிக்கைக்கு வந்தவர்கள் மிச்சம். சமையலறையில் ரஞ்சினி நள்ளிரவு முதல் நின்று சமைத்திருந்தாள். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், சொதி, வடை, பாயாசம். எல்லாம் யோகேஸ்வரனின் படத்துக்கு முன்னால் வந்துவிட்டது.

விக்னராஜா குளித்து வேட்டியோடு வந்தார். பலகையில் உட்காரவில்லை. நின்றபடியே பேசினார். அவர் குரல் நடுங்கியது. அது கோபத்தாலா, தம்பியின் படத்தைப் பார்த்ததாலா, தெரியவில்லை.

"ரஞ்சினி, தம்பி செத்து ஒரு வருசம் ஆகேல்லை. நீர் அந்தக் கூத்துக்குள்ள நிண்டு கையை உயத்திக் காட்டினதை ஊர் உலகமெல்லாம் பாத்திட்டுது. இப்ப இவ்வளவு பேருக்கும் முன்னால செய்தது பிழை எண்டு சொல்லும். வீட்டை வித்துப்போட்டு எங்களோட வாறன் எண்டும் சொல்லும். அதுக்குப் பிறகுதான் நான் தர்ப்பை போடுவன். இல்லையெண்டா இப்பவே போறன்."

ஏதாவது சொல் என்று என் மனசு அடித்துக்கொண்டது. மன்னிப்புக் கேட்டுவிடுவாளோ என்றும் பயந்தேன். கேட்டால் அவளைக் குறை சொல்ல முடியாது. யோகேஸ்வரனுக்காக அவள் எதையும் கொடுப்பாள்.

ரஞ்சினி முந்தானையை இழுத்துச் செருகினாள். நடந்து வந்து அந்தப் பலகையில் தானே உட்கார்ந்தாள். சிறிதரன் அங்கிளைப் பார்த்து வலது கையை நீட்டினாள்.

"தர்ப்பையைத் தாங்கோ, அங்கிள்."

அவர் பதறிப்போனார். "பிள்ளை, பொம்பிளையள் இது செய்யிறேல்லை."

"ஏன் செய்யிறேல்லை? சாத்திரத்தில அப்பிடி இருக்கோ?"

சிறிதரன் அங்கிள் விக்னராஜாவைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன மனிதர். பொய் சொல்ல வரவில்லை. "சாத்திரத்தில இடமிருக்கு, பிள்ளை. ஆண்பிள்ளை இல்லாட்டி பெண்சாதி செய்யலாம் எண்டு இருக்கு. வழக்கத்திலதான் இல்லை."

"அப்ப தாங்கோ. இவருக்கு நான் இருக்கிறன்."

கொடுத்தார். ரயில்பாதைப் புல்லை அவள் விரலில் அவரே முடிந்துவிட்டார். மந்திரத்தைச் சின்னச் சின்னத் துண்டாகச் சொன்னார். அவள் திருப்பிச் சொன்னாள், ஒரு இடத்திலும் குரல் தாழவில்லை. எள்ளும் தண்ணீரும் அவள் கைவழியாக மூன்று தடவை இறங்கின. ஒவ்வொரு தடவையும் யோகேஸ்வரனின் பெயரைச் சொன்னாள். சுவரோரம் ஒரு அம்மா எழுந்து வெளியே போனாள். மற்றவர்கள் இருந்தார்கள். எனக்குக் கண் மறைத்தது, சந்தோஷத்தில்தான்.

முடிந்து எழுந்தபோது விக்னராஜா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றார். ரஞ்சினி படைத்த சோற்றில் ஒரு தட்டு போட்டு, எல்லாக் கறியும் வைத்து, அவரிடம் கொண்டுபோனாள்.

"அத்தான், உங்கட தம்பிக்குப் படைச்சது. சாப்பிட்டுப் போங்கோ. வீட்டை நான் விக்கேல்லை. நான் எங்கயும் வாறதும் இல்லை."

அவர் அவளைப் பார்க்கவில்லை. தட்டைத்தான் பார்த்தார். பிறகு பையைக் கீழே வைத்து, குழாயடியில் கை கழுவி, தரையில் உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்து பாதி வரை சாப்பிட்டார். கண்ணீர் பால்கறியில் சொட்டியது.

"வாற வருசமும் நான் வர வேணுமோ?" என்று கேட்டார்.

"கட்டாயம் வாங்கோ, அத்தான்" என்று சொதியை ஊற்றினாள் ரஞ்சினி. "வந்து பக்கத்தில இருங்கோ. எள்ளுத் தண்ணி நான்தான் இறைப்பன்."